விட்ட இடத்திலிருந்து

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினேன் என்று தெரிந்தால், "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று முகத்தைச் சுளிப்பார். மேல்வீட்டுக்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வைலே என்ற டெனிஷ் ஊரில் எங்கள் கட்டடம் ஒரு மேட்டில் இருக்கிறது. நான் இரண்டாம் மாடி. அவரும் கணவரும் எனக்கு நேர் மேலே நாலு வருடம் இருந்தார்கள். கணவர் எஞ்சினியர். சொந்த ஊர் ஓசூர்ப் பக்கம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தெலுங்கு டீச்சராக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு அதைவிட எட்டு வயது கூட.

முதல்முதலில் நாங்கள் சந்தித்தது கீழ்த்தளத்துச் சலவை அறையில். நான் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். கோப்பன்ஹேகனில் இருந்து மகள் போன் எடுத்தாள். கீழே சிக்னல் சரியாகக் கிடைக்காது. மடித்ததையும் மடிக்காததையும் அப்படியே மேசையில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். மகளோடு கதைக்கத் தொடங்கினால் எனக்கு நேரம் தெரியாது. திரும்பி வந்தபோது எல்லா விரிப்பும் மடித்து அடுக்கப்பட்டிருந்தது. ஒரு பெண் தன்னுடைய இயந்திரத்துக்கு முன்னால் ஒரு தடித்த புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களோ மடிச்சனீங்கள்?"

"ஆமாங்க. பாதியில விட்டுட்டுப் போனீங்க, ஏதோ அவசரம்னு நினைச்சேன்."

நான் ஒரு விரிப்பை எடுத்துப் பார்த்தேன். எனக்கு மூன்றாக மடித்து, ஓரத்தை உள்ளே தள்ளி வைக்கிற பழக்கம். என் அம்மாகூட அப்படி மடிப்பதில்லை. அது என்னுடைய தனிப் பைத்தியம். அவர் மடித்த விரிப்புகளிலும் ஓரம் உள்ளேதான் இருந்தது.

"இப்பிடித்தான் மடிக்கிறனான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"நீங்க மடிச்சது ஏழு இருந்துச்சே, அதைப் பாத்தேன். நான் என் இஷ்டத்துக்கு நாலா மடிச்சா, உங்க அலமாரியில ரெண்டு தினுசா இருக்கும்ல?"

அவருடைய குணமே அதுதான். யாராவது பாதியில் விட்டதைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதையும் தன் விருப்பப்படி முடிக்கமாட்டார். தொடங்கியவர் எப்படி முடித்திருப்பாரோ அப்படி முடிப்பார். முடித்துவிட்டு, தான் அங்கே வந்துபோன சுவடே இல்லாமல் எழும்பிப் போய்விடுவார்.

எங்கள் தெருமுனையில் பழைய பொருட்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே ஒரு கூடையில் பாதி பின்னிய ஸ்வெட்டர்கள், காலுறைகள், குழந்தைத் தொப்பிகள் எல்லாம் ஊசியோடும் நூலோடும் பைகளில் கட்டிக் கிடக்கும். பின்னத் தொடங்கியவர்களுக்கு அலுத்திருக்கும், அல்லது கண் மங்கியிருக்கும், அல்லது செத்துப்போயிருப்பார்கள். அவர் அந்தப் பைகளை வாங்கிவந்து முடிப்பார். பின்னியவரின் கை இறுக்கமா தளர்வா என்று முதலில் விரலால் தடவிப் பார்ப்பார். தன் கையை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். ஒருமுறை ஒரு சிவப்புக் காலுறையில் ஒவ்வொரு ஐந்தாம் வரிசையிலும் ஒரு பிழை இருந்தது. இரண்டாவது காலுறையிலும் அதே பிழையை ஐந்தாம் வரிசைக்கு ஒருதரம் விட்டார்.

"ஏன் தங்கச்சி, பிழையைப் பின்னுறியள்?"

"அவங்க பிழைக்கா அது. ஒரு கால்ல இருந்து இன்னொரு கால்ல இல்லைன்னா நல்லாவா இருக்கும்?"

முடித்த பையைத் திரும்பக் கொண்டுபோய் அதே கூடைக்குள் போட்டுவிடுவார். கடைக்காரப் பெண்ணுக்கு இரண்டு வருடமாக அதை யார் செய்கிறார்கள் என்று தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்தக் காரியம் ஒன்றாவது முடிந்ததில்லை. தனக்கென்று பின்னத் தொடங்கிய நீலச் சால்வை சமையலறை நாற்காலியில் முழ நீளத்தில் தொங்கிக்கொண்டே கிடந்தது. டெனிஷ் வகுப்பைப் பாதியில் விட்டார். எனக்கு எழுதிய சமையல் குறிப்புகள் எல்லாம் "அப்புறம் உப்பு" என்ற இடத்தில் நின்றுவிடும். கணவர் சிரிப்பார். "அக்கா, என் ஒய்ஃபுக்கு யாராவது தொடங்கி வச்சாத்தான் வேலை ஓடும். அந்த மூணாவது ஆளு பண்ணின வேலை இது."

மூன்றாவது ஆள் யார் என்று நான் கேட்டது ஒரு சனிக்கிழமை, அவர்களுடைய சமையலறையில். அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். தேநீர் வழக்கம்போல ஆறிப்போனது.

"எங்க மொழியில அந்தப் பெரிய இதிகாசத்தைச் சமஸ்கிருதத்துல இருந்து கொண்டுவந்தது மூணு பேருக்கா. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி முதல் ஆளு தொடங்கினார். ரெண்டு பாகம் முடிச்சு, மூணாவது பாகத்துல காட்டுக்குள்ள போறாங்க இல்லையா, அங்கே பாதியில நின்னுட்டார்."

"ஏன்?"

"தெரியாது. செத்துப்போயிட்டார்னு சொல்றாங்க. ரொம்ப காலம் கழிச்சு ரெண்டாவது ஆளு வந்தார். அவர் பெரிய கைகாரர். ஆனா அந்தப் பாதிக் காட்டை அவர் தொடவே இல்ல. நாலாவது பாகத்துல தொடங்கிக் கடைசி வரைக்கும் எழுதிட்டார். அந்த இடத்தைத் தொட்டா ஆகாதுன்னு பயம்னு ஒரு கதை உண்டு. நெஜமோ பொய்யோ."

"அப்ப நடுவில ஓட்டை."

"ஆமா, நடுக்காட்டுல ஓட்டை. எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டிப் படிச்சாங்க. அதுக்கப்புறம் வந்தவர்தான் எங்க ஆளு. அந்த ஓட்டையை மட்டும் எடுத்துக்கிட்டார். தொடக்கத்துல முதல் ஆளு மாதிரியே எழுதுவார். போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டாவது ஆளு மாதிரி ஆயிடுவார். எங்க மாறிச்சுன்னு விரல் வைக்க முடியாது. முடிச்சுட்டுத் தன் பேரையும் போட்டுக்கல. முதல் ஆளை வச்சுக் காப்பாத்தின ராஜா பேருக்கே சமர்ப்பணம் பண்ணிட்டார். அந்த ராஜா செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சு."

"பிறகு இவர்தான் எழுதினவர் எண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

அவர் சிரித்தார். "வேற புஸ்தகம் எழுதினார்ல, அதுல சொல்லிக்கிட்டார். அவரும் மனுஷன்தானே."

சலவை அறையில் மடியில் இருந்த தடித்த புத்தகம் அந்தக் காடுதான். ஓசூரில் இருந்து இருபத்து மூன்று கிலோ பெட்டியில் அதற்கு இடம் வைப்பதற்காக இரண்டு பட்டுச்சேலையை எடுத்துவிட்டு வந்தாராம்.

இந்தக் குணத்தால் அவர் அடிபட்ட கதையும் உண்டு. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சமையலறைக்கு ஆள் தேவைப்பட்டபோது அவரைச் சேர்த்துவிட்டேன். அங்கே ஒரு டெனிஷ் அம்மா, பேரனுக்குப் பச்சை நிறத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தபோது இறந்துபோனார். பை பொது அறையில் கிடந்தது. மேல்வீட்டுக்காரர் யாரிடமும் கேட்கவில்லை. வேலை முடிந்து ஒரு மணி நேரம், ஒரு மணி நேரமாக இருந்து ஒரு கிழமையில் முடித்து, அழகாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

இறந்தவரின் மகள் பொருட்களை எடுக்க வந்தார். ஸ்வெட்டரை வெளியே எடுத்தார். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா இதை முடிக்கவில்லையே," என்றார் டெனிஷில். "கடைசியாகப் போனில் பேசியபோது சொன்னார், ஒரு கை மிச்சம் இருக்கிறது என்று. அவருடைய கடைசி வரிசை எங்கே?"

நான்தான் போய்ச் சமையலறையில் இருந்தவரைக் கூட்டிவந்து, அந்தப் பெண் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அவர் ஏப்ரனோடு நின்றார். கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி. நன்றி சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தவர் போலத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு வரைக்கும் டைம் கேளுங்கக்கா."

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது ஸ்வெட்டர் ஒரு கை முடியாமல், ஊசியோடு, நூல் உருண்டையோடு, பழையபடி இருந்தது.

"எந்த வரிசை எண்டு எப்பிடி ஞாபகம் வந்தது?" என்று பிறகு கேட்டேன்.

"கடைசி வரிசையில ஒரு கண்ணி நழுவியிருந்துச்சு. நான் அதை எடுத்துக் கோத்துத்தான் மேல பின்னினேன். அது வரைக்கும் பிரிச்சேன். அந்தக் கண்ணியையும் திரும்ப நழுவ விட்டுட்டேன்."

இறந்தவரின் மகள் அந்தக் கடைசி வரிசையை ஒரு விரலால் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை தடவினார். "தக்," என்றார். நன்றி என்று ஒரே சொல். கோபம் இருந்ததா போய்விட்டதா என்று எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மேல்வீட்டுக்காரர் பல மாதம் அந்தப் பழைய பொருள் கடைப் பக்கமே போகவில்லை. கூடையில் பைகள் நிறைந்து வழிவதை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். "பரவால்லக்கா, இருக்கட்டும்," என்பார்.

அந்த மாதங்களில்தான் எனக்கு அவர் தேவைப்பட்டார்.

என் கணவர் இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். மகள் படிக்கக் கோப்பன்ஹேகனுக்குப் போனபோது அவருக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒருநாள் கோடு போட்ட பெரிய கொப்பி ஒன்று வாங்கிவந்தார். மகளுக்குச் சின்ன வயதில் சொல்லத் தவறிய அந்த இதிகாசக் கதையை எழுதப் போகிறேன் என்றார். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே டெனிஷில். காலை வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பின்னேரங்களில் சமையலறை மேசையில் இருந்து எழுதுவார்.

அவருடைய டெனிஷ் தொழிற்சாலையில் பொறுக்கிய டெனிஷ். வினைச்சொல்லைத் தமிழ் மாதிரிக் கடைசியில் கொண்டுபோய் வைப்பார். இரண்டு வரிக்கு ஒருதரம் "இக்க?" என்று, அதாவது "இல்லையா?" என்று, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல எழுதுவார். வாளுக்கு இறைச்சி வெட்டும் கத்தியின் பெயர். பன்னிரண்டு வருட வனவாசம் அவருக்குப் பன்னிரண்டு வருட ஷிஃப்ட். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் திருத்தப் போனால் கொப்பியை மூடிவிடுவார்.

"நான் எழுதிறது என்ர டெனிஷ். உம்மட டெனிஷை நீர் வேற கொப்பியில எழுதும்."

ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரே வரி இருக்கும்: "இப்போது போய்ச் சாப்பிடு. அப்பா."

மேல்வீட்டுக்காரர்கள் இங்கே வருவதற்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், பஸ் நிறுத்தத்தில் இருந்து வீட்டுக்கு ஏறி வரும்போது அவருக்கு நெஞ்சு நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. அடக்கம் முடிந்த அன்று மகள் என்னிடம், "அப்பா கதையை முடித்தாரா?" என்று கேட்டாள். நான் "ஓம், முடிச்சிட்டார்," என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அவர் எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்று சொல்ல வாய் வரவில்லை. கொப்பியைக் கொண்டுபோய் இழுப்பறையில் மேசை விரிப்புகளுக்கு அடியில் வைத்தேன். நாலு வருடம் அது அங்கேயே கிடந்தது.

மகள் கர்ப்பமானாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மா, அப்பாவின் கதையை அனுப்பிவிடுங்கள். பிள்ளைக்கு வாசிக்க வேண்டும்," என்றாள்.

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு மேல்வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அதில் கடைசி வரி, "பிறகு மூத்தவர் வந்தார். அவர்". 'அவர்' என்று எழுதிவிட்டு என் கணவர் பேனையை வைத்திருக்கிறார். தேத்தண்ணி கேட்டிருப்பார்.

"கதை எந்த இடத்துல நிக்குதுக்கா?"

"காட்டில. தண்ணி தேடிப் போன நாலு தம்பியும் ஒவ்வொருத்தரா அந்தக் குளக்கரையில விழுந்து கிடக்கினம். மூத்தவர் தேடிக்கொண்டு வாறார்."

அவர் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். "காட்டுலயா? அக்கா, எங்க முதல் ஆளு விட்டதும் இதே காட்டுலதான். இந்தக் குளம் மூணாவது ஆளு எழுதினது."

"அப்ப நீங்களே முடிச்சுத் தாங்கோ."

முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது. கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார். "வேணாம்க்கா. அந்தப் பச்சை ஸ்வெட்டர் மாதிரி ஆயிடும். உங்க பொண்ணுகிட்ட கேளுங்க. அவங்க சரின்னா அப்புறம் பாக்கலாம்."

"கேட்டா நான் பொய் சொன்னது தெரிஞ்சுபோமே."

"தெரியட்டும்க்கா. அந்தம்மா என்கிட்ட கேட்டாங்களே, கடைசி வரிசை எங்கேன்னு. உங்க பொண்ணு கேட்டா நான் என்ன சொல்றது?"

இரண்டு கிழமை நான் மகளுக்குப் போன் எடுக்கவில்லை. மாடிப்படியில் கண்டால் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "சாப்ட்டீங்களா அக்கா?" அவ்வளவுதான். கேட்டிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு நானே எடுத்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "அப்பா முடிக்கேல்லை பிள்ளை. நான் உனக்குப் பொய் சொன்னனான்."

மகள் டெனிஷில் சொன்னாள், "எனக்குத் தெரியும் அம்மா."

"என்ன?"

"அடக்கத்தன்று நான் உங்களிடம் கேட்ட பிறகு, வந்தவர்களுக்கு மேசை விரிக்க விரிப்பு எடுக்கப் போனேன். நீங்கள் சோபாவில் நித்திரை. கொப்பியைக் கண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன்."

"நாலு வருஷமா ஏனடி சொல்லேல்லை?"

"அவர் முடித்துவிட்டார் என்று நீங்கள் நம்ப விரும்புகிறீர்கள் என்று நினைத்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவளுக்கும் அப்படித்தான். ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு நாலு வருடம் இருந்திருக்கிறோம். பிறகு மேல்வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவள் யோசித்தாள்.

"அவருக்கு டெனிஷ் தெரியுமா?"

"குறைவு."

"அப்படியென்றால் நல்லது. அப்பாவுக்கும் குறைவுதானே. ஒன்று மட்டும் சொல்லுங்கள், அப்பாவின் பிழைகளை அவர் திருத்தக் கூடாது."

இதைக் கேட்டதும் மேல்வீட்டுக்காரர், "திருத்தறதுக்கு எனக்கு என்ன தெரியும்?" என்றார். அன்று பின்னேரமே ஒரு புதுப் பென்சிலோடு என் வீட்டு மேசைக்கு வந்துவிட்டார்.

ஐந்து மாதம் எடுத்தது. முதல் இரண்டு மாதம் ஒரு வரிகூடப் புதிதாக எழுதவில்லை. என் கணவர் எழுதியதை முதல் பக்கத்தில் இருந்து இரண்டு தரம் பார்த்து எழுதினார். என் கணவர் வாசிக்கிற மாதிரியே நான் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். எங்கே மூச்சு விடுவார், எந்தச் சொல்லை இழுப்பார் எல்லாம் கேட்பார். திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். பாதியில் விட்ட டெனிஷ் வகுப்பிலும் மறுபடி சேர்ந்தார். அங்கே ஆசிரியை அவருடைய பயிற்சித் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த டெனிஷை எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டாராம். "எங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட," என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு விசாரணை.

"அண்ணன் குளத்தைப் பெருசுன்னு சொல்வாரா, அழகுன்னு சொல்வாரா?"

"ரெண்டும் சொல்லமாட்டார். தண்ணி குளிரோ இல்லையோ எண்டுதான் பாப்பார்."

"குளிர்னு எழுதிக்கிறேன்."

மூத்தவர் தம்பிகளைக் காணும் இடம் வந்தது. அவருடைய அந்த மூன்றாவது ஆள் இந்த இடத்தில் மூத்தவரை நீண்ட நேரம் அழவைக்கிறார் என்றும், அதைப் படித்தால் கல்லும் கரையும் என்றும் சொல்லி, தெலுங்கில் எனக்கு வாசித்தும் காட்டினார். எனக்கு விளங்காவிட்டாலும் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நான் தலையை ஆட்டினேன்.

"என்ர மனுசன் அப்பிடி எழுதமாட்டார்."

"அழமாட்டாரா?"

"அழுவார். முதல்ல ஏசுவார். 'ஒருத்தன் போய்த் திரும்பி வரேல்லையெண்டா மற்றவன் யோசிக்க வேண்டாமோ? நாலுபேரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் வந்து விழுறியளோ?' எண்டு வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டு, பிறகுதான் இருந்து அழுவார். மகள் சைக்கிள்ல விழுந்து கையை முறிச்சுக்கொண்டு வந்த அண்டும் அப்பிடித்தான் செய்தவர்."

அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி நாற்காலிக்குக் கீழே வைத்தார். "ஏசட்டும்க்கா," என்றார்.

கணவர் இறந்த பிறகு அவரைப் பற்றி யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்டால் நான் அழுவேன் என்று பயந்தார்கள். இவர் பின்னேரம் பின்னேரமாக, அவர் எதற்குச் சிரிப்பார், கோபம் வந்தால் முதல் சொல் என்ன, மழையைப் பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லிச் சொல்லி, அந்த மாதங்களில் வேலைக்குப் போகும்போதுகூட நான் பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டு போனேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மறுத்துவிட்டார். அத்தியாயம் முடிகிற இடங்களில் அந்த வரியை எழுதுங்கள் என்றேன். "இப்போது போய்ச் சாப்பிடு"வும் இல்லை, "அப்பா"வும் இல்லை.

"அது கதை இல்லக்கா. அது அவர் பொண்ணுக்குச் சொன்னது. அதை நான் சொல்லக் கூடாது."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அந்த இடங்கள் வெறுமையாகவே இருக்கின்றன.

அடுத்த வசந்தத்தில் கணவருக்குச் சென்னைக்கு மாற்றமாகி அவர்கள் போய்விட்டார்கள். போகும்போதும் அந்த நீலச் சால்வை முழ நீளத்தில்தான் இருந்தது. வருடப் பிறப்புக்குச் செய்தி அனுப்புவார். அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது, அவர்கள் போவதற்குச் சில மாதம் முன்னால், மகள் பிள்ளையோடு வந்த நாள்தான்.

சனிக்கிழமை மத்தியானம். பேத்திக்கு இரண்டு மாதம். மகள் அவளை மடியில் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்து கொப்பியை விரித்தாள். முன்பக்கங்களை எல்லாம் அவள் அப்பா இருந்தபோதே வாசித்திருந்தாள், அதனால் காட்டில் இருந்து தொடங்கினாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். 'அவர்' என்ற சொல் எங்கே வருகிறது, அங்கே என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் காது கதைக்குள் போய்விட்டது. மூத்தவர் தம்பிகளை ஏசத் தொடங்கியபோதுதான் அந்த இடம் தாண்டி இரண்டு பக்கம் போய்விட்டது என்று தெரிந்தது.

மகள் வாசிப்பதை நிறுத்தினாள். "அம்மா, இது நான் சைக்கிளில் இருந்து விழுந்த அன்று," என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு கடைசி வரை ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். தம்பிகள் எல்லாரும் எழும்பினார்கள். தண்ணீர் குளிராக இருந்தது.

மேல்வீட்டுக்காரர் வரவில்லை. வரச் சொல்லி இருந்தேன், வரமாட்டார் என்றும் தெரியும். நான் மேலே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். மகள் பிள்ளையோடு எழும்பி வந்து, அவருக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, டெனிஷில் நன்றி சொன்னாள்.

அவருக்கு வெட்கம். என்னோடு பேசுவது தமிழ், கணவரோடு தெலுங்கு, வேலையிடத்தில் தலையாட்டல். கொப்பி வரிகளைத் திருப்பிச் சொன்னதைத் தவிர, அவர் டெனிஷில் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. அன்று தொண்டையைச் செருமிக்கொண்டு டெனிஷிலேயே பதில் சொன்னார்.

"நன்றிக்கு இதில் ஒன்றும் இல்லை. குளம் அங்கேயேதான் இருந்தது, இக்க?"

வினைச்சொல் கடைசியில் போய் நின்றது. 'குளம்' என்ற சொல்லை அவர் இழுத்த இழுவை, 'இக்க' என்று முடியும்போது மேலே ஏறிய குரல், எல்லாம் என் கணவருடையது; அந்தக் கொப்பியில் இருந்தும் என் வாயாலும் கேட்டுக் கேட்டுப் பழகியது. ஓசூரில் இருந்து வந்த இந்தப் பெண்ணுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே டெனிஷ் அதுதான்.

மகள் பிள்ளையை என் கையில் தந்தாள். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோபாவில் இருத்தினாள். தானும் பக்கத்தில் இருந்தாள்.

"நீங்கள் வேலைக்கு எந்த பஸ்ஸில் போவீர்கள்?" என்று கேட்டாள்.

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "சொல்லுங்கோ தங்கச்சி," என்றேன்.

அவர் சொன்னார். பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்றும், மேட்டில் ஏறினால் முழங்கால் நோகிறது என்றும், இந்த ஊரில் காற்று மட்டும் குறையவில்லை என்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு 'இக்க' போட்டுச் சொன்னார்.

மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "இன்று என்ன சமைத்தீர்கள்?" என்று கேட்டாள்.

அவர் அதையும் சொன்னார்.

"நேற்று?" என்றாள் மகள்.